நோ என்றால்

கிராக்கோவ் சதுக்கத்தில் மணிக்கொரு தரம்
கோபுரத்தின் மேலிருந்து ஒருவன் எக்காளம் ஊதுகிறான்,
பாதியில் நிறுத்திவிடுகிறான்.
எப்போதோ அம்பு தைத்த காவல்காரனின் நினைவாகவாம்.
மீதிக்காகக் காத்து நின்றது நான் மட்டும்தான்.
புறாக்களுக்கே தெரிந்திருந்தது
அவ்வளவுதான் பாட்டு என்று.
வளைய ரொட்டி விற்றவள்
சில்லறை எண்ணிக்கொண்டிருந்தாள்;
எக்காளம் அறுந்த இடத்தில்
அவள் கணக்கு அறுபடவில்லை.

வார்சாவில்
பழைய நகரம் என்ற அம்புக்குறியின் பின்னால் போனேன்.
என் அப்பாவைவிட நாலு வயது இளையது அந்தப் பழைய நகரம்.
போரில் தரைமட்டமானதை
இருந்தபடியே திரும்பக் கட்டினார்களாம்,
ஜன்னல் ஜன்னலாக,
பழைய ஓவியங்களைப் பார்த்து.
"ஓவியன் ஒரு ஜன்னலைக் கூட்டி வரைந்திருந்தால்?"
"அப்போது அதுவும் இருக்கும்"
என்றார் டாக்சிக்கார ஸ்வாவோமிர், மீட்டரைத் தட்டியபடி.
அவர் வீட்டார் எந்தத் தெரு என்று கேட்க வாயெடுத்தேன்.
சிக்னல் பச்சையாகிவிட்டது.

பால் பார் என்று பெயர்; சோறும் சூப்பும் விற்கிறார்கள்.
பீட்ரூட் சூப்பில் என் முகம் சிவந்து கிடந்தது.
தின்ற தட்டைத் தானே எடுத்துப்போய்
சுவரிலிருக்கும் சின்னச் சதுரத்தில் வைக்க வேண்டும்.
தெரியாமல் எழுந்தேன்.
சதுரத்திலிருந்து ஒரு கை வந்தது, ஆள் வரவில்லை.
விரல் தட்டைக் காட்டியது, என்னைக் காட்டியது,
திரும்பத் தட்டைக் காட்டியது.
எடுத்துப்போய் வைத்தேன்.
இந்த நாட்டில் என்னை முதலில் உரிமையோடு அதட்டியது
அந்த ஈர விரல்தான்.

லோட்ஸ் என்று எழுதி வூச் என்று கூப்பிடும் ஊர்.
ழ எழுதி ள சொல்கிறவர்களோடு வளர்ந்தவன், வியக்கவில்லை.
பெயருக்குப் படகு என்று பொருள்.
ஆனால் ஆற்றைக் காணோம்.
நானோ தண்ணீர்ப் பம்பு விற்கிறவன்.
விசாரித்தேன்.
இருக்கிறது, உங்கள் செருப்புக்குக் கீழே, குழாய்க்குள் என்றார்கள்.
ஆலைகள் சாயம் கழுவிக் கழுவி
நாற்றம் தாளாமல் மூடிப் புதைத்ததாம்.
நொய்யலைப் பார்த்தவனுக்கு இதற்குமேல் விளக்கம் எதற்கு?
இரும்பு மூடியொன்றின் மேல் குனிந்து
காதை வைத்துக் கேட்டேன்.
டிராம் போகும் சத்தம்.
எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டேன்.

குட்னோ ஜங்ஷன்.
"டோருன் போகுமா இந்த ரயில்?"
"நோ" என்றாள் நடைமேடையில் நின்றவள்.
படியில் வைத்த காலை எடுத்தேன்.
கதவு மூடியது, ரயில் போனது,
டோருனுக்கு.

போலிஷில் நோ என்றால்
ஆம், ஆமாமா, பின்னே என்னவாம்.
இது விளங்க நாற்பது நிமிடமும்
அவள் மகளுக்கு ஒரு போன் காலும் ஆயிற்று.
அதுவரை ஒரே பெஞ்சின் இரு முனைகளில்
ஒருவரையொருவர் பைத்தியம் என்று
மனதாரக் கருதிக்கொண்டிருந்தோம்.
பிறகு சிரித்தாள் பாருங்கள்,
பையிலிருந்த பாட்டில் குலுங்க.
உப்பில் ஊறிய வெள்ளரிக்காய்; மூடியைத் திறந்து நீட்டினாள்.
பொகுமீவா, என்றாள் தன்னைத் தொட்டு.
என் பெயரை மூன்று முறை முயன்று
மூன்று முறையும் வேறு யாரையோ கூப்பிட்டாள்.
அவளுடைய ரயில் வந்தது.
அவளில்லாமல் போனது.
ஏன் என்று கேட்க என்னிடம் மொழி இல்லை.
இருந்திருந்தால் கேட்டுக் கெடுத்திருப்பேன்.

டோருனில் ஒரு சாய்ந்த கோபுரம்.
முதுகும் குதிகாலும் சுவரில் ஒட்ட
கையை முன்னே நீட்டி நிற்க வேண்டும்.
பாவியென்றால் விழுவானாம்.
விழுந்தேன்.
பள்ளிக்கூடச் சுற்றுலாப் பிள்ளைகள் கைதட்டினார்கள்.
டீச்சரும் நின்று பார்த்தாள், விழுந்தாள்;
அவளுக்குத்தான் கைதட்டல் அதிகம்.

விடுதியைக் காலி செய்யும்போது கிராட்சியன் கேட்டான்,
இருபது வயதிருக்கும், காதில் வெள்ளி வளையம்:
"மறுபடி வருவீர்களா?"
"நோ" என்றேன்.
சாவியை ஆணியில் மாட்டினான்.
எந்த மொழியில் என்று கேட்கவில்லை.